அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்தது நான்தான்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடைக் கேட்டுட்டு ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். “அக்கா, குடிக்கிறது, போதைப்பொருள் எடுக்கிறது எல்லாமே பெரும்பாலும் ஆம்பளைங்கதானே. டேட்டாவே அதைத்தானே சொல்லுது. அப்புறம் பொண்ணுங்க, திருநங்கைகள்னு தனியா ஆராய்ச்சி எதுக்கு?” மரியாதையாத்தான் கேட்டிருந்தார். பதிலுக்கு நாலு வரி டைப் பண்ண ஆரம்பிச்சேன். முடியல. ஏன்னா அவர் சொல்ற அந்த டேட்டா எப்படி உருவாகுதுன்னு எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் அதை உருவாக்குற வேலையில நானும் இருந்திருக்கேன்.

எம்எஸ்டபிள்யூ முடிச்ச புதுசு. ஒரு சர்வேக்கு ஃபீல்டு வேலை. வடசென்னையில ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்கணும்னு கணக்கு. மாலை ஆறரை மணிக்கு ஒரு வீட்டுக்குப் போறேன். ஒரே அறை, தடுப்புக்கு அந்தப் பக்கம் சமையல். அந்த அக்காவுக்கு நாற்பது வயசுக்குள்ளதான் இருக்கும். பக்கத்துல மாமியார் கட்டில்ல உக்காந்திருக்காங்க. மூலையில பத்தாவது படிக்கிற பையன். நான் வாசற்படி ஓரத்துல உக்காந்து, கேள்வித்தாளை எடுத்து வரிசையா கேக்குறேன். குடும்பத்துல எத்தனை பேர், என்ன வருமானம், தண்ணி எங்கேருந்து வருது. அப்படியே போய், “கடந்த பன்னிரண்டு மாதங்களில் நீங்கள் மது அருந்தியிருக்கிறீர்களா?”

அவங்க என்னைப் பாக்கல. மாமியாரைப் பாத்தாங்க. “அதெல்லாம் இல்லம்மா.”

டிக். அடுத்த கேள்வி.

நான் படி இறங்கி வர்றப்போ பின்னாடியே செருப்புச் சத்தம். அதே அக்கா, கையில பிளாஸ்டிக் குடம். தண்ணி பிடிக்கிற சாக்குல வந்திருக்காங்க. “இன்னாம்மா நீ, அல்லாரும் குந்திகினு இருக்கசொல்ல கேக்கறியே. நான் இன்னான்னு சொல்லுவேன்?” அப்புறம் ஒரு நிமிஷத்துல மொத்தத்தையும் சொல்லிட்டாங்க. ஆபீஸ் ஒண்ணுல ஹவுஸ்கீப்பிங் வேலை. நாலஞ்சு வருஷமா ராத்திரி ஒரு குவார்ட்டர். சில நாள் அதுக்கு மேலயும். கடைக்கு அவங்க போறதில்ல. தெரிஞ்ச ஆட்டோக்காரர் வாங்கித் தருவார், அதுக்கு மேல காசு. காலையில கை நடுங்கும். “உடணும்னு இருக்குது. எங்கனா இடம் இருக்குதா சொல்லு.”

எனக்கு ஒரு இடமும் தெரியல. அதனால, ரொம்ப நம்பிக்கையா ஒண்ணு சொன்னேன்: “மனசு வெச்சா முடியும்க்கா. இன்னியோட நிறுத்திடுங்க.”

இதை இப்போ சொல்றப்பவும் எனக்குக் கூசுது. தினமும் அதிகமாகக் குடிக்கிற, காலையில கை நடுங்குற ஒருத்தர் திடீர்னு ஒரே நாள்ல நிறுத்துறது ஆபத்து. முதல் நாளே நடுக்கமும் வியர்வையும் கூடும், சிலருக்கு வலிப்பு வரும். ரெண்டு மூணு நாள்ல இடம், ஆள், நேரம் எதுவும் புரியாத குழப்ப நிலை வரலாம். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில், மாத்திரை கொடுத்து, படிப்படியாகத்தான் நிறுத்தணும். குடிநோயைப் பத்திக் கேள்வி கேக்க அனுப்பப்பட்ட எனக்கு இந்த அடிப்படை விஷயத்தை யாரும் சொல்லித் தரல. நானும் கேட்டுக்கல.

ராத்திரி சூப்பர்வைசர் சார்கிட்ட, “அந்த ஃபார்ம்ல ஒரு பதிலை மாத்தணும்”னேன். அவர் சொன்னது, “வீட்டுல பதிவானதுதான் பதில். படிக்கட்டுல சொன்னதெல்லாம் எடுத்துக்க முடியாதும்மா.” விதிமுறைப்படி அவர் சொன்னது சரி. ஆளாளுக்கு ஃபார்மைத் திருத்த ஆரம்பிச்சா அது ஆராய்ச்சியே இல்ல. ஆனா அந்த ‘இல்லை’ அப்படியே ஒரு சதவீதத்துக்குள்ள போய் உக்காந்துடுச்சு.

சரி, பெரிய கணக்குக்கு வருவோம். போதைப்பொருள் பயன்பாட்டைப் பத்தி இந்தியாவுல நடந்த மிகப்பெரிய ஆய்வு, சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸின் போதைநோய் சிகிச்சை மையம் நடத்தினது. 2019 பிப்ரவரியில வெளியாச்சு. ரெண்டு லட்சம் வீடுகள், 4,73,569 பேர். பத்து வயசுல இருந்து எழுபத்தஞ்சு வயசு வரை. அதுல மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். அதாவது ஒரு பெண்ணுக்குப் பதினேழு ஆண்கள். அதுக்கப்புறம் வந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வுல பதினஞ்சு வயசுக்கு மேற்பட்ட ஆண்கள் 18.8, பெண்கள் 1.3.

தம்பி சொன்ன டேட்டா இதுதான். இது பொய்னு நான் சொல்ல வரல. பெண்கள் குறைவாகத்தான் குடிக்கிறாங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அதே தேசியக் குடும்ப நல ஆய்வுல அருணாச்சலப் பிரதேசத்தைப் பாருங்க. அங்கே மது அருந்துவதாகச் சொன்ன பெண்கள் 24 சதவீதம். கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர். அங்கே வீட்டிலேயே அரிசியில காய்ச்சுற பானம் விருந்துக்கும் சடங்குக்கும் வைக்கிற பொருள், அதைச் செய்யறதே பெரும்பாலும் பெண்கள்தான். மாமியார் முன்னாடி கேட்டாலும் கூசாம ‘ஆமா’ன்னு சொல்லலாம். அப்போ இந்த 24-க்கும் நம்ம ஊர் எண்ணுக்கும் நடுவுல இருக்கிற தூரத்துல ஒரு பகுதி நிஜமான வித்தியாசம். இன்னொரு பகுதி, வாயைத் திறந்து சொல்ல அனுமதி இருக்கா இல்லையாங்கிறது. எது எவ்வளவுன்னு வெறும் சதவீதத்தைப் பாத்துப் பிரிக்க முடியாது.

நம்ம மொழியையே பாருங்களேன். ‘குடிகாரன்’னு சொன்னா கோபம் வரும், சிரிப்பு வரும், சில சமயம் பரிதாபமும் வரும். சினிமாவுல அவனுக்குத் தனியா ஒரு பாட்டே உண்டு. ‘குடிகாரி’ன்னு சொன்னா அது வசவு மட்டும்தான். ஐடி பார்க் பக்கத்து டீக்கடையில ஒரு பொண்ணு சிகரெட்டைப் பத்த வெச்சா நாலு ஃபோன் கேமரா திரும்பும். பக்கத்துலயே ஏழு பசங்க ஊதிக்கிட்டிருப்பாங்க, அது சீனரி.

இன்னொண்ணும் உண்டு. நம்ம ஊர்ல குடியைப் பத்தின பேச்சுல பெண்ணுக்கு ரொம்ப காலமா ஒரே ஒரு இடம்தான், குடிக்கிறவரோட மனைவி. அந்த இடத்துல இருந்து பெரிய வேலைகளும் நடந்திருக்கு. சென்னையில 1980-ல சாந்தி ரங்கநாதன் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை ஆரம்பிச்சது, குடிநோயால கணவரை இழந்த பிறகுதான். குடியை ஒழுக்கக்கேடாகப் பார்த்த ஊரில், அதை நோயாகப் பார்த்து சிகிச்சை தந்த முன்னோடி இடம் அது. டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி ரோட்டுல உக்காந்தவங்களும் பெண்கள்தான். ஆனா அந்தக் கூட்டத்துலயே ஒருத்தருக்குக் குடிநோய் இருந்தா, அவங்க எங்கே போய்ச் சொல்லுவாங்க?

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில, கருணாபுரத்துல, மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. அந்தப் பட்டியல்ல பெண்களும் இருந்தாங்க, ஒரு திருநங்கையும் இருந்தாங்க. எங்க வீட்டுல டிவி பாத்துக்கிட்டிருந்த அம்மா, “பொம்பளைங்களுமா?”ன்னாங்க. சர்வேயில சொல்ல வேண்டாம்னு முடிவெடுக்கலாம். பிரேதப் பரிசோதனைக்கு அந்த வசதி கிடையாது.

கேள்வி கேட்கும் முறையை மாற்றினால் பதில் மாறுமா? மாறும். இதுக்கு ஒரு அழகான சோதனை இருக்கு. அமெரிக்காவுல 1995-ல பதினஞ்சு முதல் பத்தொன்பது வயசு வரையிலான பையன்கள்கிட்ட ஒரு தேசிய ஆய்வு நடந்தது. சிலருக்குக் காகிதத்துல கேள்வித்தாள். மற்றவங்களுக்கு ஹெட்ஃபோன் மாட்டி, கம்ப்யூட்டர் காதுக்குள்ள கேள்வி கேக்கும், அவங்க பட்டனைத் தட்டினா போதும். கேள்வி ஒண்ணுதான். இன்னொரு ஆணோட பாலியல் தொடர்பு இருந்திருக்கான்னு கேட்டதுக்குக் காகிதத்துல 1.5 சதவீதம் பேர் ‘ஆம்’. ஹெட்ஃபோன்ல 5.5 சதவீதம். ஊசி வழியா போதைப்பொருள் எடுக்கிற இணை பத்தின கேள்வி, வன்முறை பத்தின கேள்விகள், எல்லாத்துலயும் இதே மாதிரி ஏறிச்சு. 1998-ல சயின்ஸ் இதழ்ல வந்த கட்டுரை இது. அந்தப் பசங்க மாறல. கேள்வி கேட்ட விதம் மட்டும்தான் மாறிச்சு.

இளைஞர்கள் விஷயத்துல இது எவ்வளவு முக்கியம்னு நினைச்சுப் பாருங்க. பதினேழு வயசுல உங்க வீட்டு ஹால்ல அப்பா பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்கார். ஒருத்தர் டேப்லெட்டோட வந்து, “தம்பி, கஞ்சா எடுத்திருக்கியா?”ன்னா என்ன சொல்வீங்க? கேக்கும்போதே சிரிப்பு வருதுல்ல?

இந்த முறைகளைத் தாண்டியும் சில விஷயங்கள் வெளியே வந்திருக்கு. அந்த 2019 ஆய்வுல சிறுவர்களும் வளரிளம் பருவத்தினரும் பெரியவங்களை முந்தினது ஒரே ஒரு வகையில்தான். நுகரும் போதை. தின்னர், வொயிட்னர், பஞ்சர் ஒட்டுற பசை மாதிரி. பெரியவங்கள்ல 0.58 சதவீதம், பத்துல இருந்து பதினேழு வயசுப் பிள்ளைகள்ல 1.17 சதவீதம். ஏன் அது? மலிவு, பெட்டிக்கடையில கிடைக்கும், வயசு கேக்க மாட்டாங்க. இந்தப் பிள்ளைகளை நாம போதை விழிப்புணர்வுப் பேரணியில பதாகை பிடிக்க வெச்சு நடக்க விடறோம். அது வேற கதை, விடுங்க.

வீடு வீடாப் போனா சட்டவிரோதப் போதைப்பொருள் எடுக்கிறவங்க கிடைக்க மாட்டாங்கன்னு ஆய்வாளர்களுக்கும் தெரியும். அதுக்குத்தான் சங்கிலி முறைன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. முதல்ல ஒருத்தரைக் கண்டுபிடிச்சுப் பேட்டி எடுப்பாங்க. அவர் கையில மூணு கூப்பன் கொடுத்து, ‘உங்களுக்குத் தெரிஞ்ச மூணு பேரை அனுப்புங்க’ம்பாங்க. அவங்க இன்னும் மூணு மூணு பேரை அனுப்புவாங்க. டக்ளஸ் ஹெக்கத்தார்ன் என்ற சமூகவியலாளர் 1997-ல் முன்வைத்த முறை. எய்ம்ஸ் ஆய்விலும் இந்த வழியாக 123 மாவட்டங்களில் 72,642 பேரைச் சந்தித்தார்கள். புத்திசாலித்தனமான முறைதான். ஆனா யோசிங்க. ஒரு பையன் கூப்பனை யாருக்குக் கொடுப்பான்? கூட உக்காந்து எடுக்கிற பசங்களுக்கு. பொண்ணு பெரும்பாலும் அந்த வட்டத்துல உக்கார்றதில்ல. கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா, இல்லேன்னா காதலனோட. அவ கிட்ட கூப்பன் வரவே வராது. வலைக்குள்ள சேராத ஆளை, வலை எவ்வளவு நல்லா பின்னியிருந்தாலும் பிடிக்காது.

இப்போ திருநங்கைகள், திருநம்பிகள். ஒரு திருநங்கை அக்கா கிட்ட இந்தக் கேள்வித்தாளை ஒரு தடவை காட்டினேன். பாலினம்: ஆண், பெண், மற்றவை. பாத்துட்டுச் சொன்னாங்க, “கண்ணு, நான் ‘மற்றவை’ல டிக் அடிச்சா, கடைசியில ‘எண்ணிக்கை போதாது’ன்னு எங்களைத் தூக்கிடுவீங்க. ‘பெண்’ல அடிச்சா எங்க கதை காணாமப் போயிடும். எதுல அடிக்கட்டும், நீயே சொல்லு.” அவங்க சொன்னது அப்படியே நடக்கிற விஷயம். லட்சம் பேர் ஆய்வுல இருபது முப்பது பேர் இருந்தா, புள்ளிவிவரத்துக்கு அது போதாது. ஒண்ணு வேற பிரிவோட சேர்ப்பாங்க, இல்ல நீக்கிடுவாங்க.

தமிழ்நாட்டுல 2008-லேயே திருநங்கைகள் நல வாரியம் வந்தாச்சு. 2014-ல உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரிச்சு தீர்ப்பு சொல்லியாச்சு. ஆனா அவங்க உடல்நலம் பத்தி இந்தியாவுல இருக்கிற ஆராய்ச்சியில பெரும்பகுதி எச்ஐவி தடுப்புத் திட்டம் வழியா வந்தது. அதனால அவங்ககிட்ட கேட்ட கேள்வி, ‘குடிச்சிட்டுப் பாதுகாப்பு இல்லாம உறவு வெச்சுக்கிட்டீங்களா?’ங்கிற மாதிரிதான் இருக்கும். ஏன் குடிக்கிறீங்க, எப்போ ஆரம்பிச்சது, விட நினைச்சப்போ என்ன ஆச்சுன்னு கேக்க அந்தத் திட்டத்துக்கு வேலை இல்ல. திருநம்பிகள் இன்னும் மோசம். எச்ஐவி திட்டத்தோட இலக்குல அவங்க பெரும்பாலும் இல்லாததால, இந்தக் கேள்விகள்கூட அவங்களைத் தேடி வரல.

‘ஏன்’ங்கிறதுக்கு உளவியல்ல ஒரு விளக்கம் உண்டு. இலான் மேயர் 2003-ல விரிவா எழுதின ‘சிறுபான்மை அழுத்தம்’ என்கிற கருத்து. எல்லாருக்கும் இருக்கிற கவலைகளுக்கு மேல, அடையாளம் காரணமாகவே தினமும் சேர்கிற அழுத்தம். அடி, கேலி மட்டும் இல்ல. ‘எப்போ கேலி வரும்’னு எதிர்பார்த்துக்கிட்டே நடக்கிறது, மறைக்கிறது, கொஞ்சம் கொஞ்சமா அந்த வெறுப்பைத் தானே நம்ப ஆரம்பிக்கிறது. மேயர் எழுதினது தன்பால் ஈர்ப்பாளர்களைப் பத்தி. பின்னாடி மாறிய பாலினத்தவருக்கும் அதை விரிச்சாங்க. அந்த அக்கா இதையெல்லாம் படிக்கல. “கடை கேக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு கட்டிங் போட்டாத்தான் கையை நீட்ட முடியும். இல்லேன்னா அவன் பாக்கிற பார்வை உள்ள இறங்கிடும்”னு சொன்னாங்க. கடை கேக்கிறதுன்னா கடை கடையாப் போய்க் கைதட்டிக் காசு வாங்குறது. அவங்க ஒரு தடவை மறுவாழ்வு மையத்துக்கும் போயிருக்காங்க. ஆண்கள் வார்டுலதான் படுக்கைன்னு சொன்னதும் திரும்பி வந்துட்டாங்க.

எண்ணிக்கையில இல்லாதவங்களுக்கு என்ன ஆகும்? ரெண்டு விஷயம் ஆகும். முதல்ல, மருந்து அவங்க உடம்புக்குப் பொருந்தாம வரும். பெண்ணுடலில் நீரின் பங்கு பொதுவாகக் குறைவு. அதனால ஒரே எடை இருந்தாலும், ஒரே அளவு குடிச்சாலும், ரத்தத்துல ஆல்கஹால் அளவு கூடும். முதல் குடியிலிருந்து குடிநோய் வரை போகிற காலம் பெண்களுக்குக் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கு. கல்லீரலும் சீக்கிரம் பாதிக்கப்படுது. ஆனா மருந்து ஆராய்ச்சியில அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977-ல குழந்தை பெறக்கூடிய வயசுப் பெண்களை ஆரம்பக்கட்டப் பரிசோதனைகள்ல சேர்க்க வேண்டாம்னு வழிகாட்டுதல் கொடுத்தது. அதை மாத்தினது 1993-ல. ஸோல்பிடெம்னு ஒரு தூக்க மாத்திரை 1992-ல அனுமதி பெற்றது, ஆண் பெண் ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. பெண்களுக்கு அதுல பாதி போதும்னு அதே அமைப்பு அறிவிச்சது 2013-ல. இருபது வருஷத்துக்கு மேல முழு மாத்திரையைப் போட்டுட்டு காலையில தூக்கக் கலக்கத்தோட எத்தனை பேர் கார் ஓட்டிப் போனாங்களோ.

ரெண்டாவது, இடம் இருக்காது. ஐ.நா.வின் 2024 உலகப் போதைப்பொருள் அறிக்கைப்படி, போதைநோய் உள்ள ஆண்கள்ல ஏழு பேருக்கு ஒருத்தர் சிகிச்சையில இருக்கார். பெண்கள்ல பதினெட்டு பேருக்கு ஒருத்தர். நம்ம நாட்டுல மதுவுக்கு அடிமையான எல்லாரையும் சேர்த்தே 38 பேருக்கு ஒருத்தர்தான் ஏதாவது சிகிச்சை கிடைச்சதாச் சொல்றார், அந்த எய்ம்ஸ் ஆய்வுல. ஆண் பெண் எல்லாருக்குமே பற்றாக்குறை. அதுல ‘1.6 சதவீதம்தானே’ன்னு ஒரு வரி எழுதிட்டா, பெண்கள் வார்டுக்குப் பணம் கேக்கிற கோப்பு அங்கேயே நின்னுடும். வார்டு இல்லாததால பெண்கள் வர மாட்டாங்க. பெண்கள் வராததால தேவை இல்லைன்னு அடுத்த வருஷமும் எழுதுவாங்க.

அந்தக் குடம் அக்காவுக்காக நான் ஃபோன் பண்ணிப் பாத்தேன். முதல் ரெண்டு மையம், ‘ஆண்கள் மட்டும்’. மூணாவது இடத்துல பெண்களைச் சேர்ப்போம்னாங்க, ஒரு மாசம் உள்ள தங்கணும், பிள்ளைகளைக் கூட்டிட்டு வரக்கூடாது, வீட்டுல இருந்து ஒருத்தர் கையெழுத்துப் போடணும். அந்த வீட்டுல கையெழுத்துப் போடக்கூடியவங்க அந்த மாமியார்தான். ஒரு மாசம் வேலைக்குப் போகலேன்னா வேலையும் போயிடும். நாலாவதா, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுல புறநோயாளியா வந்து மாத்திரை வாங்கிக்கிட்டுப் போகலாம்னு ஒரு மருத்துவர் சொன்னார். தங்க வேண்டாம், யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், காலையில ரெண்டு மணி நேரம். அவங்களுக்குத் தேவைப்பட்டது அதுதான். இதைத் தெரிஞ்சுக்க எனக்குப் பதினோரு நாள் ஆச்சு. பன்னிரண்டாவது நாள் போனேன். வீடு பூட்டியிருந்தது. வேற பக்கம் மாறிப் போயிட்டாங்கன்னு எதிர்வீட்டுல சொன்னாங்க. அவங்க கொடுத்த நம்பர் சுவிட்ச் ஆஃப்.

அன்னிக்கு நான் சொன்னதைக் கேட்டு ராத்திரியே நிறுத்தினாங்களான்னு எனக்குத் தெரியாது.

இப்போ நான் பயிற்சி கொடுக்கப் போற இடங்கள்ல ரெண்டு விஷயத்தை விடறதில்ல. மூணாவது ஆள் காதுல விழுற தூரத்துல இந்தக் கேள்வியைக் கேக்காதீங்க. தனியாப் பேச முடியலேன்னா, ‘இல்லை’ன்னு எழுதாம ‘கேட்க முடியவில்லை’ன்னு எழுத ஒரு கட்டம் வெச்சுக்கோங்க. ரெண்டாவது, பையில முகவரியோட போங்க. எந்த அரசு மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்த அறை, பெண்களைப் பாக்கிறாங்களா, திருநங்கைகளை எந்த வார்டுல சேர்ப்பாங்கன்னு முன்னாடியே ஃபோன் பண்ணிக் கேட்டு எழுதிக்கோங்க. பயிற்சியில சில பேர், “மேடம், இது எங்க வேலை இல்லையே”ம்பாங்க. ஒரு பொண்ணு மட்டும் போன மாசம், “எந்த அறைன்னு கேட்டா ஆஸ்பத்திரியில அவங்களே குழம்புறாங்க மேடம்”னு சொல்லிச்சு. அது ஃபோன் பண்ணியிருக்கு, பாருங்க.

தம்பி, உங்க வாய்ஸ் நோட்டுக்கு இதுதான் பதில். கொஞ்சம் நீளமாயிடுச்சு.

கேக்கிறவங்கள்ல யாருக்காவது, இல்ல உங்க கூட இருக்கிறவங்களுக்குத் தேவைப்பட்டா, மத்திய அரசோட போதை மீட்பு உதவி எண் 14446. மனசு சரியில்லேன்னா டெலிமானஸ் 14416. ரெண்டும் கட்டணம் இல்லாதது. தினமும் குடிக்கிறவங்க யாராவது இன்னியோட நிறுத்தப்போறேன்னு சொன்னா, கை தட்டுறதுக்கு முன்னாடி மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அடுத்த எபிசோடுல புகையிலை. வெத்தலைப் பொட்டலத்துல மடிச்சு வெச்சிருக்கிற, நம்ம ஆயாக்கள் யாரும் போதைன்னு ஒத்துக்காத அந்தப் புகையிலை. சந்திப்போம்.